அம்சம் டாக்டரின் இரவு அறிமுகம்

திருவேங்கைச்சேரி அரசினர் பெரிய ஆஸ்பத்திரிக்கு 1972ஆம் வருஷம் ஐப்பசி மாதம், படிப்பு முடித்த கையோடு, ஒன்பது ஹவுஸ் சர்ஜன்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களை வரவேற்க வாசலில் பந்தல் போட்டிருந்தது. பன்னீர் தெளித்தார்கள், ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். பிறகு அறிமுகப் பயிற்சி என்ற பெயரில் மூன்று மணி நேரம் உட்கார வைத்துப் பேசினார்கள்.

அந்தக் காலத்தில் மைக்கைப் பிடித்தவர் யாரானாலும் மோனை இல்லாமல் பேசினால் ஊர் மதிக்காது. ஆஸ்பத்திரி சூப்பரின்டெண்ட் டாக்டர் தியாகேசன் அதில் யாருக்கும் இளைத்தவர் இல்லை. "மருந்தை மறவோம், மரபை மறவோம், மக்கள் மன்றத்தை மறவோம்" என்று அவர் தொடங்கியபோது, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கம்பவுண்டர்கள் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்கள். பார்த்து என்ன ஆகப் போகிறது?

பயிற்சியில் சொல்லித்தந்தவை நிறைய. லீவு விண்ணப்பத்தை மூன்று படியில் எழுதவேண்டும். மந்திரி வந்தால் எந்த வாசலில் எந்த வரிசையில் நிற்கவேண்டும், மாலையை யார் எடுத்துக் கொடுக்கவேண்டும். சூப்பரின்டெண்ட் அறைக்கு எதிரே சைக்கிள் நிறுத்தக்கூடாது. கடைசியில் ஆஸ்பத்திரியின் வரைபடம் ஒன்றைத் திரையில் மாட்டினார்கள். கொடிக்கம்பம் அதில் இருந்தது. போன வருஷம் திறந்துவைத்த முகப்பு மண்டபம் சிவப்பு மசியில் இருந்தது. அவசர சிகிச்சைப் பிரிவு மட்டும் இல்லை. வரைந்தவருக்குத் தாளில் இடம் போதவில்லையாம்.

ஒன்பது பேரில் அம்சம் ஒருத்திதான் பெண். சீர்காழிக்குக் கிழக்கே கீழத்தேனூர் அவள் ஊர். அப்பா இராஜாங்கமும் அம்மா காத்தாயியும் மிராசுதார் குஞ்சிதபாதத்தின் பண்ணையில் வேலை பார்த்தவர்கள். அரசாங்க ஹாஸ்டலில் தங்கி, உதவித்தொகையில் படித்து அவள் டாக்டரானாள். அவள் பாஸ் செய்தபோது மூன்று கட்சிக்காரர்கள் தனித்தனியே வந்து, தங்களால்தான் இது நடந்தது என்று மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். குஞ்சிதபாதமும் மனசு குளிர்ந்து, "படிச்சது சந்தோசம். நடவு நேரத்துல லீவு போட்டுட்டு வந்து ஆத்தாளுக்கு ஒத்தாசை பண்ணச் சொல்லு" என்று சொல்லியனுப்பினார்.

விழா முடிந்த அன்று இரவே அம்சத்துக்கு டூட்டி. இருநூற்றுச் சொச்சம் படுக்கைகள், நர்ஸ் தங்கமணி, ஸ்ட்ரெச்சர் தள்ளும் மூஸா, அம்சம். மற்றவர்கள் எல்லோரும் காலையில் வருவார்கள். எலுமிச்சம்பழம் மேசைமேல் இருந்தது.

பத்தரை மணிக்கு ஒரு கயிற்றுக் கட்டிலில் செல்லதுரை என்ற ஆளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குறுவை அறுவடை நேரம். கட்டு அள்ளும்போது பாம்பு கடித்துவிட்டது, நல்லபாம்பு என்று அடித்த பாம்பையே துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். அவன் வேலை பார்த்த பண்ணையில் இரண்டு வண்டி சும்மா நின்றது. ஆனால் அந்த வாரம் அரை மரக்கால் நெல் கூலி கூடுதலாகக் கேட்டு ஆட்கள் சங்கம் சேர்ந்திருந்தார்கள். சங்கத்தில் சேர்ந்தவனைப் பாம்பு கடித்தால் சங்கத்து வண்டியில் போகட்டும் என்று பண்ணைக் காரியக்காரர் சொல்லிவிட்டார். சங்கத்திடம் கொடி இருந்தது, வண்டி இல்லை. ஐந்து மைல் தோளில் தூக்கி வந்தார்கள்.

செல்லதுரைக்கு இமை தூக்க முடியவில்லை. பேச்சு குழறியது. அம்சத்துக்கு என்ன செய்யவேண்டும் என்று தெரியும், படித்ததுதான். விஷமுறிவு மருந்து வேண்டும். சுவரில் தொங்கிய பலகையில் அழகான கையெழுத்தில், 'பாம்புக்கடி மருந்து - இருப்பு இருபது' என்று எழுதியிருந்தது. எங்கே என்று எழுதவில்லை.

ஸ்டோர் பூட்டியிருந்தது. சாவி ஸ்டோர்கீப்பர் நடராசனிடம். நடராசன் வீட்டில் இல்லை, இரண்டாவது ஆட்டம் சினிமாவுக்குப் போயிருந்தார். மூஸா சைக்கிளில் போய்க் கொட்டகையில் டார்ச் அடித்துத் தேடி, சாவியோடு திரும்பியபோது மணி ஒன்றரை. திறந்து பார்த்தால் அலமாரியில் மருந்தின் பெயர் ஒட்டிய தட்டு இருந்தது, தட்டில் ஒன்றும் இல்லை. மறுபடியும் மூஸா போனான். நடராசன் தூக்கக் கலக்கத்தில், அது ஃப்ரிட்ஜில்தான் இருக்கும் என்று சொல்லியனுப்பினார். வார்டு ஃப்ரிட்ஜ் சித்திரை மாதமே கெட்டு, அதற்குள் பழைய கேஸ் ஷீட்டுகளை அடுக்கியிருந்தார்கள். வேறு எந்த ஃப்ரிட்ஜ் என்று கேட்க மூன்றாம் முறை சைக்கிளை மிதிக்க மூஸா கிளம்பினான். அதற்குள் செல்லதுரைக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. அம்சமும் தங்கமணியும் மாறி மாறி ரப்பர் பையை அழுத்திக் காற்றடித்தார்கள். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவன் இறந்துபோனான்.

அவன் மனைவி ராமாயி அழவில்லை. கட்டிலின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்.

"மருந்து இல்லன்னு அப்பவே சொல்லியிருந்தா மாயவரத்துக்குத் தூக்கிட்டுப் போயிருப்போமே, டாக்டரம்மா."

அம்சத்திடம் மூன்று மணி நேரப் பேச்சு இருந்தது, ஒன்றும் பொருந்தவில்லை.

காலை ஒன்பதரைக்கு சூப்பரின்டெண்ட் அறையைப் பியூன் திறந்தபோதுதான் மருந்து எங்கே இருந்தது என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் ஓடுகிற ஒரே ஃப்ரிட்ஜ் அந்த அறையில் இருந்தது. மேல்தட்டில் மோர்ச் சொம்பு, கீழே ஒரு கொத்து பச்சைத் திராட்சை, அதற்கும் பின்னால் இருபது குப்பிகள். கணக்கு சரியாகவே இருந்தது.

மூன்றாம் நாள் மெமோ வந்தது. செல்லதுரையைப் பற்றி இல்லை. எழுத்து மூலமான கோரிக்கை இல்லாமல், அலுவலக நேரத்துக்கு அப்பால், ஓர் அரசு ஊழியரைச் சினிமாக் கொட்டகையில் டார்ச் அடித்துத் தேடி, பொதுமக்கள் முன்னிலையில் அவமானப்படுத்தியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று கேட்டிருந்தார்கள். அம்சம் மூன்று படியில் பதில் எழுதினாள். பயிற்சி வீண் போகவில்லை.

பதிலின் கடைசியில், புது டாக்டர்களுக்கு முதலில் காட்டவேண்டியது கொடிக்கம்பம் இல்லை, மருந்து இருக்கும் இடம் என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். அந்த ஒரு வரியை ஆராய மூவர் கமிட்டி போட்டார்கள். கமிட்டி நான்கு முறை கூடியது, நான்கு முறையும் வடை நன்றாக இருந்தது. அறிமுகப் பயிற்சியில் குறை இருப்பதைக் கமிட்டி மனமுவந்து ஒப்புக்கொண்டு, அதை மூன்று மணி நேரத்திலிருந்து ஐந்து மணி நேரமாக நீட்டச் சொன்னது. அறுபத்துநாலு பக்கத்தில் கையேடு அச்சாயிற்று. முதல் எட்டுப் பக்கம் படங்கள். இரவு என்ற சொல் ஒரே ஒரு இடத்தில் வந்தது: 'நள்ளிரவிலும் நகைமுகம் காட்டுக.'

அம்சம் கையேட்டின் பின் அட்டை வெறுமையாக இருப்பதைப் பார்த்தாள். இரவில் எது எங்கே கிடைக்கும் என்று அதில் எழுதத் தொடங்கினாள்.

யாரிடம் கேட்பது என்பதில் அவளுக்குக் குழப்பமில்லை. இரவில் விழித்திருப்பவர்களிடம்தான் கேட்கவேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கும் ஸ்பேனர் ஒன்றே ஒன்றுதான், அது மகப்பேறு வார்டு ஜன்னல் திண்டில் கிடக்கும் என்று தங்கமணி சொன்னாள். கரண்ட் போனால் ஆபரேஷன் தியேட்டர் விளக்குக்கு வழியில்லை, ஆனால் பின்கட்டில் இரண்டு பெட்ரோமாக்ஸ் இருக்கிறது, ஒன்றுக்கு மேண்டில் வலை கிடையாது என்று மூஸா சொன்னான். எந்த ரத்தத்துக்கு யாரை எழுப்பலாம் என்பது பஸ் ஸ்டாண்டு ரிக்‌ஷாக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. தஞ்சாவூருக்கு டிரங்க் கால் போடுவதென்றால் ஆஸ்பத்திரி போனை நம்பக்கூடாது, எதிரே சோடாக் கடை கலந்தர் வீட்டுப் போன்தான் பேசும். இத்தனையும் அந்த ஆஸ்பத்திரியில் பதினைந்து வருஷமாக எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, டாக்டர்களைத் தவிர. பூச்சிமருந்து குடித்து வருபவர்களுக்கு வேண்டிய ஊசி மருந்து எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அம்சம் மூஸாவிடம் கேட்டபோது, அவன் எழுந்து போய்த் தொட்டுக் காட்டிவிட்டு வந்து, "இதுவரைக்கும் எந்த டாக்டரும் என்னையக் கேட்டதில்லீங்க" என்றான்.

ஹவுஸ் சர்ஜன் வருஷம் முடிந்து அதே ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தற்காலிக உத்தியோகம் கிடைத்தது. சேர்ந்த கையோடு மனு கொடுத்தாள். புது டாக்டர்களுக்கு அறிமுகம் பகலில் வேண்டாம், இரவில் வையுங்கள். முதல் இரண்டு ராத்திரி அவர்களைத் தனியே விடாமல் பழைய டாக்டரோடு சேர்த்து விடுங்கள். பொருள்களைச் சொல்லவேண்டாம், கையால் எடுக்க வையுங்கள். மனு 'விதிகளில் இடமில்லை' என்று திரும்பி வந்தது. இரண்டாம் மனு 'நிதியில் இடமில்லை' என்று வந்தது. மூன்றாவது வரவே இல்லை.

வழி சொன்னது தங்கமணிதான். அவள் கிளவுஸுக்குப் பவுடர் போட்டுக்கொண்டே, "இதுக்கு உங்க பேரு இருக்கிற வரைக்கும் நகராது டாக்டர். ஐயா பேர வையுங்க, தானா ஓடும்" என்றாள்.

நான்காவது மனு 'டாக்டர் தியாகேசன் இரவு நல்வரவுத் திட்டம்' என்ற தலைப்பில் போயிற்று. போன அன்றே கையெழுத்தாகி வந்தது. விதியிலும் நிதியிலும் இடம் எங்கிருந்து வந்ததென்று யாரும் கேட்கவில்லை. தியாகேசன் அம்சத்தைக் கூப்பிட்டு, ரொம்ப நாளாகத் தன் மனதில் இருந்த யோசனை இது என்று சொன்னார். கல்வெட்டு வைக்க எவ்வளவு ஆகும் என்றும் விசாரித்தார்.

தொடக்க விழா இரவு ஒன்பது மணிக்கு. ரிப்பன் கட்டி, மைக் செட் வைத்திருந்தார்கள். "இருளை இகழ்வோம், இன்னலை இடிப்போம்" என்ற இடத்தில் சூப்பரின்டெண்ட் வந்தபோது கரண்ட் போய்விட்டது. மைக் செத்தது. இருட்டில் அம்சம் குரல் கொடுத்தாள். புதிதாக வந்த எட்டுப் பேரும் பின்கட்டுக்குப் போய் பெட்ரோமாக்ஸைக் கண்டுபிடித்து ஏற்றவேண்டும், மூஸா கூட வருவான், ஆனால் வாய் திறக்கமாட்டான். அவர்கள் தடவித் தடவிப் போய், பாத்திரங்களைத் தள்ளிவிட்டு, இருபது நிமிஷத்தில் விளக்கோடு வந்தார்கள். அதற்குள் சூப்பரின்டெண்ட் கொசுக்கடி தாங்காமல் வீட்டுக்குப் போயிருந்தார். அன்று இரவு மூன்று மணி வரை அவர்கள் ஸ்பேனரைத் தேடி எடுத்தார்கள், கலந்தர் வீட்டுக் கதவை எப்படித் தட்டினால் அவர் கோபப்படாமல் எழுந்திருப்பார் என்று கற்றார்கள். விஷமுறிவு மருந்து இப்போது வார்டிலேயே இருந்தது. புது ஃப்ரிட்ஜ் வாங்கியிருந்தார்கள், சூப்பரின்டெண்டுக்கு. பழையது வார்டுக்கு இறங்கியது.

அந்த எட்டுப் பேரில் ஒருவர் நாகூர் டாக்டர் முகம்மது யூசுப். ஒல்லியான ஆள். பேசும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

1975 தை மாதம் சம்பா அறுவடையில் கீழத்தேனூரில் அடிதடி ஆயிற்று. குஞ்சிதபாதத்துக்கு நில உச்சவரம்புச் சட்டத்தின்மேல் மிகுந்த மரியாதை உண்டு. அதற்குக் கட்டுப்பட்டு அவர் தன் நிலத்தைச் செத்துப்போன அத்தை பேரிலும், இன்னும் பிறக்காத பேரன் பேரிலும், ஒரு டிரஸ்ட் பேரிலும் பிரித்து எழுதிவிட்டு, பதினைந்து ஏக்கர் ஏழையாக வாழ்ந்துவந்தார். அந்த வருஷம் உள்ளூர் ஆட்கள் கூலி கேட்டதால் வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்கினார். வரப்பில் இரண்டு கூட்டமும் மோதிக்கொண்டன. இராத்திரி ஒன்பது மணிக்கு ஒரே லாரியில் இரண்டு பக்கத்து ஆட்களும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பதினாலு பேர். மண்டை உடைந்தவர்கள், கை முறிந்தவர்கள், தொடையில் அரிவாள் பட்டு ரத்தம் நிற்காத ஒரு கூலியாள். பின்னால் தன் காரில் குஞ்சிதபாதம், முன்கையில் வெட்டு.

அன்று டூட்டி யூசுப்புக்கு. வேலைக்கு வந்து மூன்றாவது வாரம். சூப்பரின்டெண்ட் வீட்டுப் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. யூசுப் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ரத்தம் நிற்காதவனை முதலில் உள்ளே எடுத்தார். கூட வந்தவர்களில் ஒருவனைக் கலந்தர் வீட்டுக்கும், ஒருவனைப் பஸ் ஸ்டாண்டுக்கும், ஒருவனை அம்சத்தின் குவார்ட்டர்ஸுக்கும் அனுப்பினார். எங்கே போகவேண்டும் என்று யோசிக்க அவருக்கு ஒரு நிமிஷமும் ஆகவில்லை. அம்சம் ஓடி வந்தபோது தொடைக் காயத்தில் ரத்தக் குழாயைக் கட்டியாகிவிட்டது, இரண்டு ரிக்‌ஷாக்காரர்கள் ரத்தம் கொடுத்துக்கொண்டு படுத்திருந்தார்கள். அவளுக்குச் செய்ய மிச்சம் இருந்ததெல்லாம் தையல்தான். வாசலில் நின்று ஒரு நிமிஷம் பார்த்தாள். ராமாயி முகம் ஞாபகம் வந்தது. கையைக் கழுவப் போனாள்.

குஞ்சிதபாதம் பெஞ்சில் உட்கார்ந்து கொதித்துக்கொண்டிருந்தார். தனி ரூம் இல்லை, விசிறி இல்லை. எல்லாவற்றையும்விட, தன் வயலில் வேலை செய்தவனைத் தனக்கு முன்னால் உள்ளே கொண்டுபோன அநியாயம். அம்சத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நீ காத்தாயி மகதானே?"

"ஆமாங்க."

"நல்லதாப் போச்சு. வா, வந்து இதப் பாரு முதல்ல."

அம்சம் கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். ஆழமில்லை. "உங்களுக்கு ஏழாவது நம்பருங்க. ரத்தம் நின்னுடுச்சு, உசுருக்கு ஒண்ணும் இல்ல. கைய மேல தூக்கி வச்சுக்கிட்டு உக்காருங்க" என்றாள்.

அவர் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரம். ஏதோ கேள்வி கேட்கப் போகிற மாணவனைப் போல. அப்படி ஓர் உயரத்தில் அவர் கையைக் கீழத்தேனூர் ஆட்கள் அதற்குமுன் பார்த்தது சாட்டை எடுத்தபோதுதான். தையல் போடப்பட்ட தலையோடு படுத்திருந்த ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பதினாலு பேரும் பிழைத்தார்கள். குஞ்சிதபாதமும்தான். அவருக்கு எட்டுத் தையல், அம்சமே போட்டாள், கோணல் இல்லாமல்.

பத்து நாளில் இரண்டு உத்தரவுகள் வந்தன. முதலாவது, நெருக்கடியான நேரத்தில் பதினைந்து உயிர்களைக் காத்த இரவு நல்வரவுத் திட்டத்தை வகுத்ததற்காக டாக்டர் தியாகேசனுக்குப் பாராட்டுப் பத்திரமும் பதக்கமும். இரண்டாவது, பொதுநலன் கருதி டாக்டர் அம்சம் பூம்புகார்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றம். பொதுநலனுக்குக் கையில் எட்டுத் தையல் இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

மகளின் சாமான்களைக் கட்டக் காத்தாயி வந்தாள். குஞ்சிதபாதத்திடம் போய் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கட்டுமா என்று மெதுவாகக் கேட்டாள். அம்சம் வேண்டாம் என்று தலையாட்டினாள். "அப்ப சரி. அங்க மீனு மலிவாக் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டுக் காத்தாயி கயிற்றை இறுக்கினாள்.

பூம்புகார்ப் பக்கம் பத்து வருஷம் போயிற்று. அங்கே புது டாக்டர், பழைய டாக்டர், இரவு டாக்டர் எல்லாம் அம்சமே. புயலில் ஒருமுறை கூரை போயிற்று. எழுதிப்போட்டாள், கூரை இருக்கும் நிலையங்களுக்கு மட்டுமே பராமரிப்பு நிதி என்று பதில் வந்தது. மீனவப் பெண்களுக்கு ஆயிரத்துக்கும் மேல் பிரசவம் பார்த்தாள். கலியாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், ராத்திரியில் கதவைத் தட்டினால் எரிந்துவிழாத ஆள் கிடைக்கவில்லை என்றாள்.

1985இல் பதவி உயர்வு வந்தது. அதே திருவேங்கைச்சேரிக்கு, சூப்பரின்டெண்டுக்கு அடுத்த அதிகாரியான ஆர்.எம்.ஓ.வாக. தியாகேசன் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். தங்கமணி தலைமை நர்ஸ் ஆகியிருந்தாள். திட்டம் இருக்கிறதா என்று அம்சம் கேட்டாள். பிரமாதமாக நடக்கிறது என்றாள் தங்கமணி. இரவில் கூடினால் மின்சாரச் செலவு ஆகிறதென்று ஆடிட்டில் ஆட்சேபணை வந்ததாம். அதனால் இரவு நல்வரவுத் திட்டம் இப்போது காலை ஒன்பது மணிக்கு, ஆடிட்டோரியத்தில். திரையைப் போட்டு மூடி, இருட்டாக்கி, இரவு எப்படி இருக்கும் என்று ஸ்லைடு காட்டுகிறார்கள். டீ, பிஸ்கட் உண்டு. போன மாதம் ஆக்சிஜன் ஸ்பேனர் கிடைக்காமல் ஒரு குழந்தை போய்விட்டது என்பதையும் அவள் அதே குரலில் சொன்னாள்.

அம்சம் மனு எழுதவில்லை, கமிட்டி கேட்கவில்லை. அந்த இரண்டும் எப்படி முடியும் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த வாரம் வரப்போகும் பதினோரு பேருக்கான சுற்றறிக்கை கையெழுத்துக்கு மேசைக்கு வந்தது. பழைய சுற்றறிக்கையை அப்படியே பார்த்து அடித்திருந்தார் டைப்பிஸ்ட் சாமிதுரை. 'மு.ப. 9 மணிக்கு' என்று இருந்தது. அவள் பேனாவை எடுத்து 'மு'வை அடித்து 'பி' என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டு அனுப்பினாள்.

சாமிதுரை திருத்தியபடி அடித்தார். புது சூப்பரின்டெண்ட் கையெழுத்துப் போட்டார். கணக்குப் பிரிவு முத்திரை குத்தியது. பதினேழு பேர் அதில் கையொப்பமிட்டார்கள், ஒருவரும் படிக்கவில்லை. இவ்வளவு பெரிய சீர்திருத்தம் இவ்வளவு சீக்கிரம் அந்த ஆஸ்பத்திரியில் அதற்குமுன் நடந்ததில்லை.

சொன்ன நாளில் இரவு ஒன்பது மணிக்குப் பதினோரு டாக்டர்கள், டைப்பிஸ்டைத் திட்டிக்கொண்டே, புதுச் சட்டையும் புது ஸ்டெதஸ்கோப்புமாக வந்து சேர்ந்தார்கள். ஆடிட்டோரியம் பூட்டியிருந்தது. அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அம்சமும் தங்கமணியும் மூஸாவும் நின்றிருந்தார்கள். மாலை, பன்னீர் எதுவும் இல்லை. ஒரு பெண் டாக்டர் தயங்கி, மேடம், வரவேற்புரை எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

"அதெல்லாம் இல்லம்மா. செருப்பக் கழட்டிட்டு வாங்க. உள்ள ஆளுங்க தூங்குறாங்க" என்று சொல்லிவிட்டு அம்சம் முன்னால் நடந்தாள்.